முன்மாதிரி ஈறு

பெரம்பலூர் குருநாதன் வீட்டில் ராசாங்கம் கை நனைத்தார். வாயை நனைக்கவில்லை. மகளின் கல்யாணப் பேச்சு அந்த இடத்தில் நின்றது.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் சம்மதம் என்றால் அங்கே சாப்பிடுவார்கள். அதற்குத்தான் கை நனைப்பது என்று பெயர். சம்மதம் இல்லையென்றால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். நல்ல காரியத்துக்குச் சைவம் போடுவதுதான் பொதுவழக்கம். குருநாதன் வீட்டு வழக்கம் வேறு. அவர் சின்ன வெங்காய மண்டி வைத்திருப்பவர். கிடா வெட்டாத காரியத்தை அவர் காரியமாக மதிப்பதில்லை. ராசாங்கத்தின் இலையில் நல்லெலும்பாகப் பார்த்து அவரே எடுத்து வைத்தார்.

ராசாங்கத்தின் கீழ்க்கடைவாயில் ஒரு பல் படுத்தவாக்கில் முளைத்திருந்தது. அந்தப் பக்கம் முழுக்க வீக்கம். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. சோற்றைப் பிசைந்தார். மறுபடியும் பிசைந்தார். கறியை இலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்தினார். பந்தியில் இருந்தவர்கள் தங்கள் இலையை விட்டுவிட்டு அவர் தாடையைப் பார்த்தார்கள்.

"என்னாங்க, கறி புடிக்கலியா, காரியம் புடிக்கலியா?" என்றார் குருநாதன்.

"பல்லு வலிங்க."

"எங்க அக்கா மவளப் பாக்க வந்தவனும் இப்படித்தான் வயித்து வலின்னான். அடுத்த வாரம் ஜெயங்கொண்டத்துல பாக்கு வெத்தல மாத்திட்டான்."

"சத்தியமா பல்லுதாங்க. வேணும்னா பாருங்க." ராசாங்கம் வாயைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. அதுவும் சம்மதமின்மையின் அடையாளமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

குருநாதன் யோசித்தார். பையன் மணிமாறனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. அதனால் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி, பல்லப் புடுங்கிட்டு வாங்க. இதே எடத்துல உக்காந்து ஒரு எலும்பு கடிங்க. அன்னிக்கே தட்டு மாத்திக்குவோம். ஆனா ஆவணி தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா வேற சாதகத்தப் பிரிச்சிருவேன். அப்பறம் கோவிச்சிக்கக் கூடாது."

அது வைகாசிக் கடைசி. ஆவணிக்குள் ஒரு பல்லை எடுக்க முடியாதா என்று ராசாங்கம் நினைத்தார். செந்துறைக்கு இந்தப் பக்கம் முந்திரிக்கொல்லை வைத்திருக்கும் மனிதர். உலகத்தை அவ்வளவாகப் பார்த்தவரல்ல.

அரியலூரில் ஒருங்கிணைந்த வாய்நல உயர்மையம் என்று ஒன்று இருந்தது. வாசலில் கான்கிரீட்டில் ஒரு பெரிய பல். அதன் இரண்டு வேர்களுக்கு நடுவே காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அறுத்துத்தான் எடுக்கணும். ஆனா ஈறு புண்ணா இருக்கு. இப்ப கத்தி வச்சா சீக்கிரம் ஆறாது. மெதுவாப் பல்லு தேய்ங்க. உப்புத் தண்ணி கொப்பளிங்க. ஈறு தேறுனதும் எடுத்துடலாம்."

அது நியாயமான பேச்சு. அந்த மையத்தில் ராசாங்கம் கேட்ட கடைசி நியாயமான பேச்சும் அதுதான்.

"தேறிடுச்சான்னு யாருங்க சொல்லுவா?"

"அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. மாடிக்குப் போங்க."

மாடி முழுவதும் மென்துலக்கல் பிரிவாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் அறுவை அரங்கம். அதில் பூட்டுத் தொங்கியது. பூட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

பிரிவின் தலைவி ஜெயசித்ரா. எதையும் மெதுவாகச் செய்பவர். ராசாங்கத்தை உட்காரச் சொன்னார். வெகுநேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தார்.

"தினமும் எப்பிடித் தேய்ப்பீங்களோ அப்பிடித் தேய்ச்சுக் காட்டுங்க."

ராசாங்கம் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பல்பொடிப் பொட்டலத்தை எடுத்தார். விரலில் தொட்டார். வண்டி மாட்டைக் குளத்தில் இறக்கித் தேய்த்துப் பழகிய கை. ஜெயசித்ரா கண்ணை மூடிக்கொண்டார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. இது துலக்குறது இல்லைங்க, வன்முறை. உங்க ஈறு உங்கள என்னா பண்ணுச்சு?"

ராசாங்கம் குற்றவாளிபோல் விரலைத் துடைத்துக்கொண்டார். பயிற்சியில் சேர்க்கப்பட்டார்.

பயிற்சியின் தொடக்கத்தில் பிரஷ்ஷைத் தொட அனுமதி இல்லை. முதலில் மனதில் மென்மை வர வேண்டும் என்பது பாடத்திட்டம். காலையில் எல்லோரும் வரிசையில் நின்று வலது கையைக் கன்னத்தில் வைத்து உறுதிமொழி சொல்ல வேண்டும். 'என் ஈறு என் பொறுப்பு. அதை நான் வருத்தேன். வருத்துபவரைக் காணும்போது அன்புடன் தடுப்பேன்.' நின்றவர்கள் எல்லோருக்கும் வாய் வீங்கியிருந்தது. உறுதிமொழி ஒரே முனகலாகக் கேட்டது. ஜெயசித்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு உணர்ச்சியா சொல்றாங்க பாருங்க" என்றார் பக்கத்திலிருந்த நர்ஸிடம்.

அடுத்தது தக்காளி. பழுத்த தக்காளியின் மேல் பிரஷ்ஷை வைத்துத் தோல் கிழியாமல் வட்டம் வட்டமாகத் துலக்க வேண்டும். யோசனையில் தவறில்லை. மையத்தில் தக்காளி வாங்குவதற்கு அதிகாரிகள் பலரின் ஒப்புதல் தேவைப்பட்டது. ஒப்புதல் கீழிருந்து மேலே போய் மேலிருந்து கீழே வருவதற்குள் தக்காளி தானாகவே தோல் உரிந்துவிடும். அந்த வகுப்பில் ஒருவரும் தேறவில்லை. மறுமுறை முன்னெச்சரிக்கையாகக் காயாக வாங்கினார்கள். ராசாங்கம் பழைய பழக்கத்தில் அழுத்தித் தேய்த்தார். காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் தேறினார்கள். இப்படி ஒரு வகுப்பை மையம் கண்டதில்லை என்று ஜெயசித்ரா எல்லோருக்கும் கைகொடுத்தார்.

தேறியவர்களை ஈறுச் சோதனைக்கு அனுப்பினார்கள். சோதகர் வேம்பு. மாவட்ட அளவில் கபடி ஆடியவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர். தோள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"வாயத் தொறங்கண்ணே."

வேம்பு பிரஷ்ஷை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். ராசாங்கத்தின் கால் தரையிலிருந்து எழும்பியது.

"ரத்தம் வருதாண்ணே?"

"இப்ப வருதுங்க."

"பாத்தீங்களா? ஈறு இன்னும் தேறல."

"நீங்க தேய்ச்சதுனாலதானேங்க வருது?"

வேம்பு கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "அண்ணே, ரத்தம் வருமா வராதான்னு தெரியணும்னா, வர்ற வரைக்கும் தேய்ச்சாத்தானே தெரியும்?"

சொல்லிவிட்டு ராசாங்கத்தின் வாயில் பஞ்சை வைத்து அடைத்தார். மறுநாள் காலை மீண்டும் கன்னத்தில் கை வைத்து உறுதிமொழியிலிருந்து தொடங்கினார்.

ஆனி இப்படிப் போயிற்று.

மையத்தைப் பற்றி என்ன சொன்னாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ராசாங்கத்துக்குப் பல் துலக்க வந்துவிட்டது. காலையில் கொல்லைப்புறம் வேப்பமரத்தடியில் பூமாதிரி பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, அழுத்தாமல், ஒவ்வொரு பல்லிடமும் நின்று விசாரித்துவிட்டு நகர்ந்தார். பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். மனைவி தனம் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"என்னாங்க, பல்லு தேய்க்கிறீங்களா, பல்லத் தூங்க வைக்கிறீங்களா? வெயிலு ஏறிடுச்சு."

"மெதுவாத்தாண்டி தேய்க்கணும். அதுதான் மொற."

"கட்டிக்கிட்டு வந்த நாளாப் பாக்கறேன். எங்கிட்ட ஒரு வார்த்த இவ்வளவு மெதுவாப் பேசியிருப்பீங்களா?"

ராசாங்கம் கொப்பளிக்கத் தொடங்கினார். சில கேள்விகளுக்கு உப்புத் தண்ணீர் வசதியானது.

"மாப்ள வூட்டுலேருந்து போன் வந்துச்சு" என்றாள் தனம். "பல்லு என்னா ஆச்சுன்னு கேட்டாரு. இன்னும் பயிற்சில இருக்குங்கன்னேன். பல்லுக்கு என்னாம்மா பயிற்சி, போலீசு வேலைக்கா எடுக்கிறாங்கன்னு கேக்குறாரு. என்னாத்தச் சொல்றது? நாளைக்கே ஒரு முடிவு கேட்டுட்டு வாங்க."

மகள் சுவாதி சோற்றை மிக்சியில் அரைத்துக் கஞ்சியாக்கிக்கொண்டு வந்து அப்பா முன்னால் வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். அவள் நின்ற விதம் குருநாதனின் போனைவிடக் கனமாக இருந்தது.

ஆடியில் வேம்புவுக்கு ஒரு போட்டியில் தோள் இறங்கிவிட்டது. கைக்குத் தொட்டில் கட்டிக்கொண்டு விடுப்பில் போனார். அந்த வாரம் மையத்தில் பலருடைய ஈறும் திடீரென்று தேறத் தொடங்கியது. ஜெயசித்ரா இதைத் தம் பயிற்சியின் பலன் என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். ராசாங்கத்தின் முறை வந்தபோது அவரே டார்ச் அடித்துப் பார்த்தார். வாயில் கையை வைத்துக்கொண்டார். தம் வாயில்தான்.

"அய்யோ! இப்பதான் உரிச்ச சின்ன வெங்காயமாட்டம் இருக்கு. யாராச்சும் டைரக்டரக் கூப்பிடுங்க."

டைரக்டர் ஆண்டவர் வந்தார். அவருடன் கீழ்த்தளமே வந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து ராசாங்கத்தின் வாய்க்குள் பார்த்துவிட்டு, கோவிலில் செய்வதுபோல் ஒதுங்கி நின்றார்கள். வீக்கம் வடிந்து போயிருந்தது. வாய் ஓரளவு திறந்தது. ஆனால் படுத்த பல் படுத்த இடத்தில் இருந்தது. கடித்தால் காதுவரை இழுத்தது.

"அப்ப பல்ல எடுத்துடலாங்களா?" என்றார் ராசாங்கம்.

ஆண்டவர் அதிர்ச்சியுடன் பார்த்தார். "இந்த ஈறுலயா? இதுல கத்தி வச்சா வீங்கும்யா. வீங்குனா எல்லாம் போச்சு. இந்த மையத்தோட முதல் முன்மாதிரி ஈறு இது."

"பல்ல எடுக்கத்தானேங்க ஈறத் தேத்துனீங்க?"

"பல்லு எல்லாருக்கும் இருக்குங்க" என்றார் ஆண்டவர். "ஈறு?"

சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். ராசாங்கமும் அசைத்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

மையம் கொண்டாடிய ஈறு வாரத்தின் நிறைவு விழாவில் ராசாங்கத்தை மேடையில் உட்கார வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பேருந்து நிலையத்திலிருந்து மையம்வரை நோயாளிகள் ஆளுயர அட்டைப் பிரஷ்களைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வந்திருந்தார்கள். வெயிலில் சிலர் பிரஷ்ஷைக் குடையாகப் பிடித்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் ராசாங்கத்தின் ஈறு தெரிந்தது. அவர் எச்சில் விழுங்கியபோது திரையும் விழுங்கியது.

ஆண்டவர் மைக்கைப் பிடித்தார்.

"பெருமக்களே! இந்த மையம் தொடங்கப்பட்ட நாள் முதலாக இங்கே ஓர் அறுவை சிகிச்சைகூடத் தோல்வியடைந்ததில்லை."

கைதட்டல்.

"எங்கள் அறுவை அரங்கத்தில் இன்றுவரை ஒரு சொட்டு இரத்தம் சிந்தியதில்லை. அங்கிருக்கும் நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூட நாங்கள் இன்னும் பிரிக்கவில்லை. சுத்தத்தில் அவ்வளவு அக்கறை! மற்ற இடங்களில் பல்லைப் பிடுங்கியதும் நோயாளி ஆஸ்பத்திரியை மறந்துவிடுகிறார். எங்கள் நோயாளிகள் எங்களை மறப்பதில்லை. மாதக்கணக்கில் வருகிறார்கள். வந்த நோக்கத்தைக்கூட மறந்து வருகிறார்கள். இதைவிட ஒரு நிறுவனத்துக்கு என்ன பெருமை வேண்டும்?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு மைக்கை ராசாங்கத்திடம் நீட்டினார்கள். அவருக்குப் பேச்சு எதுவும் தயாராக இல்லை. மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"பல்ல எப்பங்க எடுப்பீங்க? ஆவணிக்குள்ள நான் ஒரு எலும்பு கடிச்சாவணும்."

கூட்டம் சிரித்தது. ஆண்டவர் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"கேட்டீர்களா! எலும்பு கடிக்க வேண்டுமாம்! எவ்வளவு தன்னம்பிக்கை! எங்களிடம் வருவதற்கு முன்னால் இவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்."

"இப்பவும் கஞ்சிதாங்க" என்றார் ராசாங்கம். மைக் இல்லாததால் அது முதல் வரிசைக்கு மட்டும் கேட்டது. முதல் வரிசையில் அதிகாரிகள் இருந்தார்கள்.

விழா முடிந்ததும் ஜெயசித்ரா அவரை ஓரமாக அழைத்துப் போனார். நல்ல மனம் உள்ளவர். மனது கேட்கவில்லை.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. சாதாரண ஈறா இருந்தா நானே கையெழுத்துப் போட்டுடுவேன். முன்மாதிரி ஈறுன்னா சிறப்பு அனுமதி வேணும். அதுக்கு ஒரு குழு இருக்கு."

"எப்பங்க கூடும்?"

"குழுவுல பொதுமக்கள் சார்புல ஒரு எடம் காலியா இருக்கு. அத நிரப்புனதும் கூடிடும். நல்ல ஈறு உள்ள ஒருத்தராப் பாத்து நியமிக்கணும்." ஜெயசித்ரா கொஞ்சம் தயங்கினார். "உங்களத்தான் பரிந்துரை பண்ணியிருக்கோம். ஆனா உங்க விசயத்துல நீங்களே முடிவெடுக்க முடியாது. அதனால உங்களுக்குப் பதிலா இன்னொருத்தரோட ஈறு தேறணும். வேம்பு சார் வேற திங்கக்கிழம வேலைக்குத் திரும்புறாரு."

ராசாங்கம் பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஆவணி பிறந்தது. குருநாதன் போன் செய்து எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அன்று மாலை சுவாதி கஞ்சியை வைத்துவிட்டு வழக்கம்போல் நின்றாள். இந்த முறை பேசினாள்.

"அப்பா, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டாண்ட செல்போன் கடை மாடியில ஒரு பல் டாக்டரம்மா இருக்காங்களாம். அவருதான் சொன்னாரு. கூடவே வரேங்கறாரு."

"எவரு?"

சுவாதி சுவரைப் பார்த்தாள். தனம் அடுப்படியிலிருந்து, "எவருன்னு ஒரு கேள்வி! கெளம்புங்க" என்றாள்.

மறுநாள் மணிமாறன் பெரம்பலூர் பஸ் நிலையத்தில் காத்திருந்தான். டாக்டர் ஆர்த்தி சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். ஊசி போட்டார். மரத்ததும் கீறி, பல்லைத் துண்டாக்கி எடுத்து, தையல் போட்டார். மணிமாறன் கீழே கடையில் போனுக்குக் கண்ணாடி மாற்றக் கொடுத்திருந்தான். அது தயாராகி அவன் மாடியேறி வருவதற்குள் ராசாங்கத்தின் பல் தட்டில் கிடந்தது. இத்தனை மாதம் பாடுபடுத்தியது ஒரு சோளமுத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது.

"ஈறு ரொம்ப நல்லா இருக்குங்கய்யா" என்றார் ஆர்த்தி. "அதனாலதான் சுலபமா முடிஞ்சுது. சீக்கிரம் ஆறிடும். இப்பிடி மெதுவாத் தேய்க்க யாரு சொல்லிக்குடுத்தா?"

ராசாங்கத்தின் வாயில் பஞ்சு. மணிமாறன் மையத்தின் பெயரைச் சொன்னான்.

ஆர்த்தி கையுறையைக் கழற்றினார். "நல்லாத்தான் சொல்லிக்குடுப்பாங்க. நானும் அங்கதான் இருந்தேன், அறுவை டாக்டரா."

"ஏங்க வந்துட்டீங்க?"

"பல்லெடுக்கிறது மறந்துருமோன்னு பயமா இருந்துச்சு."

தையல் பிரித்து, புண் ஆறி, வாய் முழுதாகத் திறந்ததும் ஆவணிக் கடைசியில் ராசாங்கம் குடும்பத்தோடு பெரம்பலூர் போனார். குருநாதன் மறுபடியும் கிடா வெட்டியிருந்தார். அதே கூடம், அதே வரிசை. பக்கத்து இலையில் தனம். எதிர் இலையில் குருநாதன். இரண்டு பக்கத்து உறவுகளும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கின. சாப்பிட்டாலும் எல்லோருடைய கண்ணும் ராசாங்கத்தின் தாடையில் இருந்தது. குருநாதன் எழுந்து வந்து எலும்பை எடுத்து இலையில் வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

ராசாங்கம் எலும்பை நோக்கிக் கையைக் கொண்டு போனபோது போன் அடித்தது. இடது கையால் எடுத்தார். ஜெயசித்ரா.

"அய்யா, வாழ்த்துகள்! குழுவுல காலி எடம் நெரம்பி, சிறப்பு அனுமதி வந்துட்டுது. நாளைக்கு நாற்காலி உறையப் பிரிக்கிறோம். டைரக்டர் ரிப்பன் வெட்டுறாரு. காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்துருங்க."

"பல்லு எடுத்தாச்சுங்கம்மா."

ஜெயசித்ரா மெதுவாகக் கேட்டார், "யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"என் பல்லுதானேங்க."

"பல்லு உங்களுதுங்க. ஈறு?" ஜெயசித்ராவின் குரல் உடைந்தது. பக்கத்தில் யாரோ பேசுவதும், அவர் போனைப் பொத்திக்கொண்டு பதில் சொல்வதும் கேட்டது. திரும்ப வந்தபோது வேலைக்குரிய குரல் வந்திருந்தது. "சரிங்கய்யா. ஆனது ஆச்சு. அனுமதி உங்க குடும்பத்துப் பேர்ல வந்துருக்கு. வந்த அனுமதியத் திருப்பி அனுப்ப எங்ககிட்ட வழி கெடையாது. பந்தல் வேற போட்டாச்சு. யாராச்சும் ஒருத்தர் வந்துதான் ஆவணும். வூட்ல வேற யாருக்காச்சும் பல்லு இருக்கா?"

ராசாங்கம் பந்தியைப் பார்த்தார். தனம் ஈரலை மென்றுகொண்டிருந்தாள். தனத்தின் அண்ணன் நெஞ்செலும்பை நொறுக்கிக்கொண்டிருந்தார். அதற்கப்பால் வரிசை முழுவதும் தாடைகள் ஓய்வில்லாமல் ஏறி இறங்கின.

"எங்க குடும்பத்துல யாருக்கும் பல்லு இல்லீங்கம்மா" என்றார். போனை வைத்தார்.

எலும்பை எடுத்து நல்ல பக்கமாகக் கொடுத்துக் கடித்தார். கூடம் முழுக்கக் கேட்டது.

குருநாதன் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"தட்டக் கொண்டாங்கய்யா! சம்பந்தி கடிச்சிட்டாரு."